மாலை போட்டா 48 நாள் நிக்குது, கழட்டுன அன்னிக்கே திரும்ப ஆரம்பிச்சிடுது

கேள்வி:

அக்கா வணக்கம், என் பேர போடாதீங்க. வயசு 38, தண்டையார்பேட்டை, டிரெய்லர் ஓட்டறேன், மணலி யார்டுலேர்ந்து ஹார்பருக்கு கன்டெய்னர் அடிக்கற வேலை. 15 வருஷமா குடி. கடைசில கை நடுக்கம் வந்து, காலைல ஒரு கட்டிங் போடாம ஸ்டியரிங் புடிக்க முடியாதுங்கற நெலமை, வீட்டுல புடிச்சு ஆஸ்பத்திரில சேத்தாங்க, 10 நாள் உள்ள இருந்தேன், வெளிய வந்து மூணு வாரம் ஆவுது, இதுவரைக்கும் தொடல. டிஸ்சார்ஜ் பண்றப்ப டாக்டர் "ஏ.ஏ. மீட்டிங் போப்பா"ன்னாரு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ஸாம், குடிய விட நெனைக்கறவங்க கூடிப் பேசற கூட்டமாம், அவ்ளோதான், எங்க எப்போனு ஒண்ணும் சொல்லல. நெட்ல பாத்து ஒரு அட்ரஸுக்கு சாயங்காலம் போனேன், ஏதோ ஸ்கூலு, கேட் பூட்டி கெடந்துச்சு, வாட்ச்மேன் அப்டி எதுவும் இங்க இல்லன்னுட்டாரு, அதோட வுட்டுட்டேன். நான் வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடறவன், 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டேன், அப்போ உனக்கே கன்ட்ரோல் கீதே, மீட்டிங் இன்னாத்துக்குனு என் மச்சான் கேக்கறான். சர்ச்சுல நடத்தறாங்கனு கேள்விப்பட்டு மதம் மாத்திடுவாங்களோனு அம்மா பயப்படுது. ஏரியாக்காரன் எவனாவது பாத்தா மானம் போயிடும். ஷிப்ட்டும் நெலையா கெடையாது. இதுல என் வைஃபுக்கு யாரோ ஒரு பவுடர் குடுத்து, சாப்பாட்டுல கலந்து குடு, குடியவே மறந்துடுவான்னு சொல்லியிருக்காங்க, அது என்கிட்டயே வந்து கேக்குது. கலக்கலாமா?

பதில்:

தம்பி, நீங்க கடைசில கேட்ட பவுடர் விஷயத்த மொதல்ல முடிச்சுடறேன், மத்ததெல்லாம் நிதானமா பேசலாம், இது உயிர் சம்பந்தப்பட்டது. கலக்க வேணாம். லேபிள் இல்லாத டப்பால என்ன இருக்குனு வித்தவனுக்கே தெரியாது. சில வீட்டுல டைசல்ஃபிரம்ங்கற மாத்திரைய பொடிச்சு, குடிக்கறவருக்கே தெரியாம கொழம்புல போடறதும் நடக்குது. அந்த மாத்திரை எப்படி வேலை செய்யுதுனா, நாம குடிக்கற ஆல்கஹால ஈரல் மொதல்ல அசிட்டால்டிஹைடுனு ஒரு விஷமா மாத்தும், அப்புறம் அந்த விஷத்தையும் ஒடச்சு வெளிய தள்ளும், மாத்திரை அந்த ரெண்டாவது வேலைய நிறுத்திடும். அந்த நேரத்துல குடிச்சா விஷம் உடம்புலயே தேங்கி, மொகம் செவந்து, நெஞ்சு படபடனு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் கீழ எறங்கும், இதயக் கோளாறு இருக்கறவங்களுக்கு உயிரே கூட போகலாம். மாத்திரைய நிறுத்துனதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் இந்த ரியாக்ஷன் வரலாம். அதனாலதான் டாக்டருங்க ஈரல் டெஸ்ட்லாம் எடுத்து, சாப்பிடப் போறவர்கிட்டயே விளக்கி, சம்மதம் வாங்கி குடுப்பாங்க. உங்க டிஸ்சார்ஜ் சீட்டுல டாக்டரே அத எழுதியிருந்தா அது வேற கதை, தெரிஞ்சு சாப்பிடுங்க, இருமல் டானிக் வாங்கறப்ப கூட ஆல்கஹால் இல்லாததா பாத்து வாங்குங்க. உங்க வீட்டம்மா சத்தமில்லாம கலக்காம நேரா உங்ககிட்டயே வந்து கேட்டாங்க பாருங்க, அந்த நம்பிக்கை இன்னும் மிச்சம் இருக்குங்கறது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

இப்போ மச்சான் கேள்வி. நெஜமாவே நல்ல கேள்வி அது, என் ரூமுக்கு வர்றவங்கள்ல கார்த்திகை மாசம் சுத்தமா இருந்தேன்னு சொல்லாத ஆளே கம்மி. ஆனா அந்த 48 நாள் உங்கள புடிச்சு வெச்சது எதுனு ஒருதடவ உக்காந்து யோசிச்சு பாருங்க. விடிகாலைல பச்சத்தண்ணில குளியல், கறுப்பு வேட்டி, கால்ல செருப்பு இல்ல, பெத்த அம்மாவே "சாமி"னு கூப்டறாங்க, உங்ககூட குடிக்கற பையனே உங்கள பாத்தா "சாமி வராருடா, பாட்டில உள்ள வை"ங்கறான், சாயங்காலம் ஆனா பஜனை, அங்க போகலன்னா ஏன் வரலனு கேக்க ஒரு குருசாமி, ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணா மறுநாளே அவர் காதுக்கு போயிடும், கூடவே அதே விரதத்துல இருக்கற பத்திருவது சாமிங்க. இதுல உங்க மன உறுதி இல்லனு நான் சொல்லல, இருந்துச்சு, ஆனா அது தனியா நிக்கல, ஒரு கூட்டம் சுத்தி நின்னுச்சு, ஒரு நேரம் இருந்துச்சு, ஒரு எடம் இருந்துச்சு, நம்மள எதிர்பாக்க ஒரு ஆளு இருந்தாரு. மலை எறங்கி மாலைய கழட்டுன அன்னிக்கு இந்த நாலும் ஒரே நாள்ல கலைஞ்சு போகுது, சில வேன்ல திரும்பி வர்ற வழியிலயே பாட்டில் தொறந்துடறாங்க, நீங்க பாக்காததா. அப்போ கலைஞ்சது கன்ட்ரோல் இல்ல, கூட்டம். ஏ.ஏ. மீட்டிங்குங்கறது கழட்டற நாள் இல்லாத மாலைனு மச்சான்கிட்ட சொல்லுங்க, அவருக்கு புரியும்.

இதுலயே இன்னொரு எச்சரிக்கை. உங்களுக்கு காலைல கை நடுக்கம் வர்ற கட்டம் ஆரம்பிச்சிடுச்சு, அதாவது உடம்பே ஆல்கஹாலுக்கு பழகி போச்சு. திரும்ப குடிக்க ஆரம்பிச்சு, கார்த்திகை பொறக்கறதுக்கு மொத நாள் ராத்திரி வரைக்கும் அடிச்சுட்டு மறுநாள் மாலை போடற பழைய பழக்கம் இனிமே உங்களுக்கு ஆபத்து. இந்த கட்டத்துல இருக்கறவங்க சடார்னு நிறுத்துனா ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல பினாத்தல், இல்லாத ஆள பாக்கறது, சுவத்துல பூச்சி ஊருதுங்கறது, நேரங்காலம் தெரியாம எழுந்து ஓடறதுனு வரலாம், அத சாமி வந்துருக்குனு நெனச்சு விபூதி அடிச்சுட்டு உக்காந்திருந்தா ஆளு தங்காது. நாளைக்கே ஒருவேளை சறுக்கி நாலஞ்சு நாள் தொடர்ந்து குடிச்சுட்டீங்கன்னா வீட்டுலயே வீராப்பா நிறுத்தாதீங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்கு பக்கத்துல, நேரா போங்க, ஃபிட்ஸ் வந்தா 108. மீட்டிங்குல டாக்டர் கெடையாது, பெட்டு கெடையாது, குளுக்கோஸ் கெடையாது, இந்த வேலை ஆஸ்பத்திரியோடது.

சரி, பூட்டுன கேட்டுக்கு வருவோம். உங்கள மாதிரி ஒரே ஒரு பூட்டுன கேட்டோட திரும்பி வந்து அப்புறம் அந்த பக்கமே போகாதவங்க நெறைய பேர். அது ஏன் அப்படி ஆகுதுனு தெரிஞ்சா கோவம் கொறையும். ஏ.ஏ.வுக்கு ஆபீஸ் கட்டடம்னு ஏரியாவுக்கு ஏரியா கெடையாது, போர்டு மாட்ட மாட்டாங்க, ஒவ்வொரு குரூப்பும் ஒரு ஸ்கூல் ரூமோ சர்ச் ஹாலோ ஏதோ ஒண்ண வாரத்துல சில சாயங்காலம் மட்டும் வாடகைக்கோ சும்மாவோ வாங்கி நடத்துது, நடத்தறவங்களும் சம்பளத்துக்கு இருக்கற ஸ்டாஃப் இல்ல, அவங்களே குடிய விட்டவங்க, பகல்ல லேத்துலயோ ரயில்வேலயோ வேலை பாத்துட்டு ஆறு மணிக்கு மேல சாவி வாங்கி ரூம தொறக்கறவங்க. ஸ்கூல்ல பரீட்சைனா ரூம் மாறும், சர்ச்சுல திருவிழானா நாள் மாறும், நெட்ல இருக்கறது பழைய அட்ரஸாவே கெடக்கும். அதனால போறதுக்கு முன்னாடி போன், இது மட்டும் கட்டாயம். போன்ல இன்னிக்கு மீட்டிங் உண்டா, எத்தன மணி, எந்த வாசல், எந்த மாடி, தமிழா இங்கிலீஷா, ஓப்பனா (யார் வேணா வரலாம்) க்ளோஸ்டா (குடிய விட நெனைக்கறவங்க மட்டும்), இத கேட்டுட்டு கடைசியா "நான் புதுசு, வாசல்ல யாராவது வந்து கூட்டிட்டு போக முடியுமா"னு கேளுங்க. வெக்கப்படாதீங்க, அவங்களுக்கு அது சந்தோஷமான வேலை, நெறைய எடத்துல பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிப்பாங்க. வாட்ச்மேன்கிட்ட "ஏ.ஏ."னு கேட்டா அவருக்கு தெரியாது, சாயங்காலம் வாடகைக்கு எடுத்து மீட்டிங் போடறாங்களே அந்த ரூம் எதுனு கேட்டா கைய காட்டுவாரு.

நம்பர் எங்க கெடைக்கும்னா, நீங்க படுத்திருந்த அதே வார்டுலதான் மொதல்ல கேக்கணும். டாக்டருக்கு நேரம் இருக்காது, சோஷியல் வொர்க்கர், கவுன்சிலர், இல்ல நைட் டியூட்டி சிஸ்டர், இவங்ககிட்ட கேளுங்க, ஏன்னா பல குடிநோய் வார்டுங்களுக்கு ஏ.ஏ. மெம்பருங்களே வாரத்துல ஒருநாள் வந்து பேசுவாங்க, அவங்க நம்பர் அங்க யார்கிட்டயாவது இருக்கும். அங்க கெடைக்கலன்னா ஸ்டான்லி மனநலப் பிரிவு ஓ.பி.ல கேக்கலாம், கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரில கேக்கலாம், அடையாறு இந்திரா நகர்ல 1980லேர்ந்து இந்த ஒரு விஷயத்துக்குனே இருக்கற டி.டி.கே. ஆஸ்பத்திரிலயும் கேக்கலாம். ஏ.ஏ. இந்தியாவோட சொந்த வெப்சைட் இருக்கு, அதுல ஊர் வாரியா தேடலாம். போன்லனா 14446, மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன், காசில்ல. மனசு ரொம்ப அலைபாயற ராத்திரிக்கு 14416, டெலி மானஸ்ங்கற அரசோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இருக்கற சர்ச் ஆபீஸ்லயும் போய் கேட்டு பாருங்க, அவங்க ஹால்ல இல்லன்னாலும் எந்த ஹால்ல நடக்குதுனு தெரிஞ்சு வெச்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

கூகுள்ல தேடறப்ப ஒண்ணு கவனிங்க. மேல விளம்பரமா வர்றது பெரும்பாலும் பிரைவேட் மறுவாழ்வு மையங்க, போன் பண்ணா "ஆமா சார் இங்க மீட்டிங் இருக்கு"னு சொல்லி மாசத்துக்கு இவ்ளோனு ஆரம்பிப்பாங்க. ஏ.ஏ.ல சேர கட்டணமே கெடையாது, சந்தா கெடையாது, ஃபார்ம் கெடையாது, குடிய நிறுத்தணும்ங்கற ஆசை ஒண்ணுதான் தகுதி, அது அவங்க விதியிலயே எழுதியிருக்கு. கடைசில ஒரு பை சுத்தி வரும், இருந்தா பத்து ரூபா போடுங்க, இல்லன்னா அப்படியே பக்கத்துல தள்ளுங்க, வெளி ஆளுங்ககிட்ட நன்கொடையே வாங்க மாட்டாங்க. யாராவது அட்வான்ஸ் கேட்டா அது ஏ.ஏ. இல்ல. வீட்டுல எவராவது கோவத்துல வேன் வரவழைச்சு ஆள தூக்கிட்டு போற மாதிரி எடத்துக்கு அனுப்ப கெளம்பினா, அந்த மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணுனதானு சான்றிதழ காட்டச் சொல்லுங்க, 2017 மனநல பராமரிப்பு சட்டப்படி குடி சம்பந்தப்பட்ட மனநல சிகிச்சையும் அதுக்குள்ள வருது.

உள்ள என்ன நடக்கும்னு ஒரு பயம் இருக்கும்ல, அத சொல்றேன். பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கும், பத்து பதினஞ்சு பேர், சில நாள் நாலே பேர். ஒருத்தர் ஆரம்பத்துல ஏ.ஏ.னா என்னனு ஒரு சின்ன முன்னுரைய படிப்பாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா "என் பேர் இது, நான் ஒரு குடிநோயாளி"னு ஆரம்பிச்சு அவங்க கதைய அஞ்சு பத்து நிமிஷம் சொல்லுவாங்க, இதத்தான் ஷேரிங்னு சொல்றது. நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாங்க, நீ இப்படி பண்ணியிருக்கணும்னு புத்தி சொல்ல மாட்டாங்க, இது நம்ம ஆளுங்க நாலு பேர் கூடுற எடத்துல எவ்ளோ அபூர்வம்னு போய் பாத்தாத்தான் தெரியும். உங்க முறை வந்தா "இன்னிக்கு கேக்கறேன்"னு சொல்லிட்டு உக்காந்துக்கலாம், ஒருத்தரும் வற்புறுத்த மாட்டாங்க, மாசக்கணக்குல வாயே தொறக்காம உக்காந்திருந்தவங்க இருக்காங்க. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும், அப்புறம் டீ. அந்த டீக்கு நின்னுட்டு வாங்க, பாதி மீட்டிங் அங்கதான், போன் நம்பர் அங்கதான் கை மாறும். அட்டண்டன்ஸ் கெடையாது, விட்டு ஒரு வருஷம் ஆனவருக்கு பர்த்டேனு கேக் வெட்டுவாங்க, 50 வயசு ஆளு எனக்கு இன்னிக்கு மூணு வயசுனு சொல்லி அழுவாரு, மொதல்ல சிரிப்பா இருக்கும்.

ஒரு மீட்டிங்க வெச்சு முடிவு பண்ணாதீங்க. சில குரூப்புல ஒரே ஆளு ரொம்ப நேரம் பேசி அறுப்பாரு, சிலதுல வயசானவங்களா இருப்பாங்க, சிலதுல இங்கிலீஷ் கலந்தடிப்பாங்க. நாலஞ்சு தடவ, முடிஞ்சா ரெண்டு மூணு வேற வேற குரூப், போயி பாத்துட்டு எதுல உங்களுக்கு சேர்ல உக்கார வசதியா இருக்கோ அத உங்க குரூப்பா வெச்சுக்கங்க. அப்புறம் உங்கள விட கொஞ்ச வருஷம் முன்னாடி விட்ட ஒருத்தர ஸ்பான்சரா கேளுங்க, ஸ்பான்சர்னா காசு குடுக்கறவர் இல்ல, தோணறப்ப போன் அடிக்க ஒரு ஆளு, நம்ம குருசாமி மாதிரினு வெச்சுக்கங்களேன், ஆனா கால்ல விழ வேணாம்.

இந்த போன் விஷயத்துலேர்ந்துதான் ஏ.ஏ.வே பொறந்துச்சு, கேட்டா ஆச்சரியப்படுவீங்க. 1935 மே மாசம், அமெரிக்கால ஏக்ரன்ங்கற ஊருக்கு பில் வில்சன்னு ஒரு பங்கு வியாபாரி வேலையா போறாரு, குடிய விட்டு சில மாசம்தான் ஆகுது, போன வேலை ஊத்திக்குது, ஹோட்டல் லாபில தனியா நிக்கறாரு, ஒரு பக்கம் பார் சத்தம். உள்ள போயிடுவோம்னு பயந்து, அங்க இருந்த சர்ச் லிஸ்ட்ட பாத்து போன் மேல போன் போட்டு, இந்த ஊர்ல நான் பேச ஒரு குடிகாரர் கெடைப்பாரானு விசாரிக்கறாரு. அப்படி சுத்தி சுத்தி கெடைச்சவர் பாப் ஸ்மித்னு ஒரு ஆபரேஷன் டாக்டர். ரெண்டு பேரும் மணிக்கணக்கா பேசுனாங்க, அந்த ஜூன் 10ந் தேதியோட பாப் குடிய நிறுத்துனாரு, அதத்தான் ஏ.ஏ. பொறந்த நாளா கொண்டாடறாங்க, இந்தியாவுக்கு 1957ல வந்துச்சு. நான் இத சொல்றது வரலாறுக்காக இல்ல. பில் அன்னிக்கு பாப்ப காப்பாத்த போகல, தன்ன காப்பாத்திக்க போனாரு. அதனால மீட்டிங்குல பழைய ஆளுக்கு நீங்க போன் பண்றது தொந்தரவுனு நெனைக்காதீங்க, உங்க போன் வர்ற அன்னிக்கு அவரும் குடிக்காம இருக்காரு.

இதுல நெஜமா பலன் இருக்கானு படிச்சவங்க கேப்பாங்க. 2020ல காக்ரேன்னு ஒரு மருத்துவ ஆய்வுக் குழு, 27 ஆய்வு, பத்தாயிரம் பேருக்கு மேல, எல்லாத்தையும் சேத்து பாத்தாங்க. ஏ.ஏ.வுக்கு ஆள முறையா சேத்துவிடற சிகிச்சைல ஒரு வருஷம் கழிச்சு முழுசா குடிக்காம இருந்தவங்க 100க்கு 42, மத்த சிகிச்சைல 35. பெரிய மந்திரம் இல்லதான், 58 பேரு நிக்கலனும் அதுல இருக்கு. ஆனா நயா பைசா செலவில்லாம, வீட்டுப் பக்கத்துல, வருஷக்கணக்குல கெடைக்கற ஒண்ணுக்கு இது ரொம்ப நல்ல கணக்குனு நான் நெனைக்கறேன். சிலருக்கு ஒத்துக்காது, அவங்க ஆஸ்பத்திரி குரூப் தெரபிக்கு போகட்டும், எங்கயாவது ஒரு கூட்டத்துல இருந்தா சரி.

மதம் மாத்துவாங்களாங்கறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேந்தது இல்ல. குடிய விட்டு நிக்கறதுக்கு அவங்க வெச்சிருக்கற வழி, 12 படினு ஒண்ணு இருக்கு, அதுல கடவுள்னு வருது, மறைக்கல, ஆனா "நாம் புரிந்துகொண்டபடி" கடவுள்னுதான் வருது, உங்களுக்கு அது ஐயப்பனா இருக்கலாம், பக்கத்து சேர்ல இருக்கற பாய்க்கு அல்லாவா இருக்கலாம், சாமியே இல்லங்கறவருக்கு அந்த குரூப்பே அந்த சக்தியா இருக்கலாம். சர்ச்சுல நடக்குதுனா ஹால் கெடைச்சுதுனு அர்த்தம், அவ்ளோதான்.

மானம் விஷயம். கோச்சுக்காதீங்க தம்பி, கடை வாசல்ல விழுந்து கெடந்தப்ப பாக்காத ஏரியாவா இது? நம்ம பக்கம் வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கற லட்சணத்துக்கு நீங்க எத்தன மணிக்கு எந்த நெலமைல வந்தீங்கனு எதிர் வீட்டு ஆயாவுக்கு உங்கள விட நல்லா தெரியும். மீட்டிங் ரூமுக்குள்ள உங்கள பாக்கறவரு அவரும் அதே காரணத்துக்காக அங்க இருக்கறவரு, அவரு வெளிய போய் சொன்னா அவரையும் சேத்துத்தான் சொல்லணும். இங்க பாத்தது கேட்டது இங்கயே இருக்கட்டும்ங்கறதுதான் அங்க மொத விதி, அதனாலதான் இன்ஷியல் கூட இல்லாம வெறும் பேரு. இருந்தும் கால் கூசுதுனா மொத மாசம் மெட்ரோ ஏறி ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குரூப்புக்கு போங்க, 2021லேர்ந்து விம்கோ நகர் வரைக்கும்தான் லைன் இருக்கே. ஆனா அப்புறம் பக்கத்து குரூப்புக்கு வந்துடுங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு நாக்கு நமநமனு இருக்கறப்ப கிண்டில இருக்கற ஸ்பான்சரால உங்க தெருவுக்கு ஓடி வர முடியாது.

ஷிப்ட் பிரச்சனை கொஞ்சம் பெரிசு, ஏன்னா உங்க வேலையே குடிக்கு தோதான வேலை. ஹார்பர் ஜீரோ கேட் லைன்ல மணிக்கணக்கா வண்டி நகராம நிக்கறது, கைல அன்னன்னிக்கு பேட்டா, சுத்தி அதே மாதிரி காத்துக்கிடக்கற டிரைவருங்க, இதுல எவன் வேணா கவுந்துடுவான். பேட்டாவ கைல வாங்காம வீட்டம்மா போனுக்கு ஜிபே பண்ணச் சொல்லி ஓனர்கிட்ட கேளுங்க, டீ சாப்பாட்டுக்கு மட்டும் கைல வைங்க. ஜூம்ல ஆன்லைன் மீட்டிங் தெனமும் ஏதாவது ஒரு நேரத்துக்கு நடக்குது, தமிழ்லயும் இருக்கு, லைன்ல வண்டி ஆஃப் பண்ணி நிக்கறப்ப காதுல மாட்டி கேளுங்க, ஓட்டும்போது வேணாம். ஆனா ஆன்லைனோட நின்னுடாதீங்க, அங்க வீடியோவ ஆஃப் பண்ணிட்டு ஒளிஞ்சுக்கலாம், ரூமுல முடியாது. மீட்டிங்குங்க பெரும்பாலும் சாயங்காலம் ஆறரை ஏழுக்கு மேல இருக்கறதுல ஒரு நன்மை இருக்கு, டாஸ்மாக் பத்து மணி வரைக்கும் தொறந்திருக்கு, உங்களுக்கு தோணற நேரமும் அதேதான், அந்த நேரத்த வேற ஒரு ரூமுல போய் ஒக்காந்து தள்ளிட்டு வந்தா பெரிய கண்டம் தாண்டுன மாதிரி. போற வழிய மட்டும் மாத்துங்க, பழைய கடை இருக்கற சந்து வழியா மீட்டிங்குக்கு போறது வேணாம்.

நீங்க கேக்காத ஒண்ண நானே சொல்றேன், ஏன்னா வட சென்னைல நான் பாத்த சறுக்கல்ல பாதி இதுலதான்: சாவு. நம்ம பக்கம் ஒரு சாவுன்னா போகாம இருக்க முடியாது, போனா மேளம், ஆட்டம், பாட்டில், எல்லாமே தெருவுலயே. அண்ணன் மொறைல ஒருத்தன் கைல கப்ப திணிச்சு, பெரியவருக்காக ஒரு ரவுண்டு அடிடான்னு அழுவான், அந்த நேரத்துல வேணாம்னு சொல்றது செத்தவருக்கு மரியாதை இல்லாத மாதிரி ஆயிடும். அதுக்கு முன்னாடியே திட்டம் வேணும். சேதி வந்த உடனே ஸ்பான்சருக்கு ஒரு போன். காலைலயே வீட்டம்மாவோட போங்க, மாலை போடுங்க, குடும்பத்துகிட்ட ஒக்காருங்க, டீ தண்ணி வாங்கியாற வேலை, சாமியானா, ஐஸ் பெட்டி, சேர் எறக்கறதுனு ஏதாவது வேலைய எடுத்துக்கங்க, வேலை செய்யறவன யாரும் கப்புக்கு கூப்பிட மாட்டாங்க. ஆட்டம் ஆரம்பிக்கற நேரத்துக்கு கெளம்பிடுங்க, இல்ல சுடுகாட்டுக்கு நேரா பைக்ல முன்னாடி போயிடுங்க. யாராவது புடிச்சு வெச்சா "மாத்திரைல இருக்கேன், குடிச்சா செத்துடுவேன்"னு சொல்லுங்க, அங்க தத்துவம் எடுபடாது. மீன்பிடி தடைக்காலமும் இதே மாதிரிதான், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் காசிமேடுல விசைப்படகு கட்டிக்கெடக்கும், உங்க சொந்தத்துல படகுக்காரங்க இருந்தா பகல்லயே கூப்பிடுவாங்க, அந்த ரெண்டு மாசம் மீட்டிங்க கூட்டிக்கங்க.

டாக்டர் குடுத்த மாத்திரைய மீட்டிங்குல யாராவது "அதுவும் போதைதான், நிறுத்து"னு சொன்னா கேக்காதீங்க. மெம்பர் யாரும் டாக்டர் வேலை பாக்கக்கூடாதுனு ஏ.ஏ. வெளியிட்ட புத்தகத்துலயே இருக்கு. மாத்திரை, ஓ.பி. தேதி, மீட்டிங் மூணும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாது. நடுவுல ஒருநாள் சறுக்கிட்டா, அந்த மூஞ்சிய வெச்சுட்டு எப்படி போறதுனு நின்னுடாதீங்க, அடுத்த மீட்டிங்குக்கே போங்க, போதைல போய் கலாட்டா பண்ணாம இருந்தா போதும், அங்க உக்காந்திருக்கறவங்கள்ல சறுக்காம வந்தவங்க கொஞ்சம்தான்.

உங்க வீட்டம்மாவுக்கு தனியா ஒண்ணு இருக்கு, அல்-அனான்னு பேரு, குடிக்கறவங்க குடும்பத்துக்குனே 1951ல ஆரம்பிச்சது, சென்னைலயும் நடக்குது, ஏ.ஏ. ஆளுங்ககிட்ட கேட்டாலே சொல்லுவாங்க. நீங்க குடிச்சாலும் குடிக்கலன்னாலும் அவங்க போகலாம், உங்கள எப்படி திருத்தறதுங்கற பேச்சு அங்க ஓடாது, 15 வருஷமா அவங்க தூங்காம கெடந்த ராத்திரிங்களப் பத்தி பேச அவங்களுக்கு ஒரு எடம். அந்த பவுடர் டப்பாவ கையோட தூக்கிப் போடச் சொல்லிட்டு இந்த பேர எழுதிக் குடுங்க. குடும்பமா வரணும்னா ஓப்பன் மீட்டிங்குக்கு யார் வேணா வரலாம், க்ளோஸ்டு மட்டும் குடிய விட நெனைக்கறவங்களுக்கு. அம்மாவையும் ஒரு ஓப்பன் மீட்டிங்குக்கு கூட்டிட்டு போங்களேன், மதம் மாத்தறாங்களா இல்லையானு டீயையும் பிஸ்கெட்டையும் சாப்டுட்டு அவங்களே பாத்து சொல்லட்டும்.